மாந்தைச் சந்தியில் வளைவு, மண்ணுக்கடியில் நகரம்

மன்னார் மாந்தையில் இருக்கிற திருக்கேதீச்சரம் சிவன் கோயிலுக்குப் போகப் போகிறேன் என்றதும் வவுனியா நண்பர் கேட்ட முதல் கேள்வி, "அந்த வளைவுப் பிரச்சினை இப்ப என்னமாதிரி?" என்பதுதான். கோயில் வீதி தொடக்கத்தில் வைக்கப் பார்த்த வளைவை ஒரு கூட்டம் பிடுங்கிப் போட்ட கதையைத்தான் கேட்டார். கோயிலைப் பற்றிக் கேட்கவில்லை. கோயில் தீர்த்தமான பாலாவியில் தண்ணீர் கிடக்கிறதா என்றும் கேட்கவில்லை. எங்கள் பக்கத்தில் இப்போது எந்தப் பழைய இடத்தின் பெயரை எடுத்தாலும், அங்கே யார் எதைக் கட்டினார்கள், யார் அதைப் பிடுங்கினார்கள் என்ற கதைதான் முந்திக்கொண்டு வருகிறது.

வவுனியாவிலிருந்து மன்னார் வீதியில் பூவரசன்குளம் கடந்தால் இரண்டு பக்கமும் காடு. பறயனாலங்குளத்தில் மதவாச்சியிலிருந்து வருகிற பெரிய வீதியில் ஏறி, மடுவுக்குத் திரும்புகிற சந்தியையும் விட்டுவிட்டுப் போனால் முருங்கன். அங்கே காடு விலகி வயல் தொடங்கும். ரெயிலிலும் போகலாம். போரில் தண்டவாளமே இல்லாமல் போன இந்தப் பாதை 2013இல் மடு வீதி வரைக்கும், 2015இல் தலைமன்னார் வரைக்கும் திரும்ப ஓடத் தொடங்கியது. திருக்கேதீச்சரம் என்ற பெயரிலேயே ஒரு ஸ்டேசன் இருக்கிறது. நான் பஸ்ஸில்தான் போனேன். முருங்கனில் தேத்தண்ணி குடிக்காமல் அந்த வீதியைக் கடக்க எனக்கு மனம் வராது.

முருங்கன் வயல்களுக்கெல்லாம் தண்ணீர் கட்டுக்கரைக் குளத்திலிருந்து வருகிறது. அதன் கரையோரத்தில் 2016, 2017 காலப்பகுதியில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகப் பேராசிரியர் புஷ்பரட்ணம் குழுவினர் அகழ்வு செய்து, ஆதிகால மக்கள் குடியிருந்த தடயங்களைக் கண்டெடுத்தார்கள். மட்பாண்டங்கள், சுடுமண் உருவங்கள் என்று நிறையவே வெளியே வந்தன. தேத்தண்ணிக் கடையில் அதைப் பற்றிக் கேட்டுப் பார்த்தேன். "ஓம், கம்பஸ் பிள்ளையள் வந்து கிண்டினவை" என்றார் கடைக்காரர். அவர் குரலில் கோபமும் இல்லை, பயமும் இல்லை. அதை மனதில் குறித்துக்கொண்டேன். காரணம் பிறகு வரும்.

மாந்தைச் சந்தியில் இறங்கினால் வெயில் முகத்தில் அறைகிறது. 2019 மார்ச் 3ஆம் திகதி, சிவராத்திரிக்கு முதல் நாள், கோயில் வீதி தொடங்குகிற இடத்தில் பழைய வளைவுக்குப் பதிலாகப் புதியதொன்றை வைக்கப் பார்த்தார்கள். ஒரு கூட்டம் வந்து அதைப் பிடுங்கிப் போட்டது. கைத்தொலைபேசியில் எடுத்த காட்சிகள் அன்றைக்கே உலகம் முழுக்கப் போய்விட்டன. விவகாரம் நீதிமன்றம் வரை போனது. இதில் சைவர்கள் ஒரு பக்கம், கத்தோலிக்கர்கள் மறுபக்கம். இரண்டு பக்கமும் தமிழர்கள். ஒரே வாய்க்கால் தண்ணீரில் வயல் செய்கிறவர்கள்.

சந்தியின் கதையைத் தெரிந்துகொள்ளாமல் ஒரு பக்கத்தை மட்டும் திட்டுவது சுலபம். அங்கேயே லூர்து மாதா கோயிலும் இருக்கிறது. இன்றைக்கு ஆடித் திருவிழாவுக்கு நாடு முழுக்கத் திரண்டுபோய்க் கும்பிடுகிற மடு மாதாவின் சுரூபம் முதலில் இருந்தது மாந்தையில். ஒல்லாந்தர் கத்தோலிக்கரை வருத்திய காலத்தில், 1670 அளவில், அதைத் தூக்கிக்கொண்டு காட்டுக்குள் ஓடினார்கள். அந்தச் சனத்துக்கு மாந்தை என்றால் மாதாவின் தாய்வீடு. சைவர்களுக்கோ சம்பந்தரும் சுந்தரரும் பாடிய தலம், ஈழத்து ஈச்சரங்களில் ஒன்று. 16ஆம் நூற்றாண்டில் போர்த்துக்கேயர் இடித்த கோயில், அந்தக் கல்லைத்தான் மன்னார்க் கோட்டைக்குக் கொண்டுபோனார்கள் என்று தலைமுறை தலைமுறையாகச் சொல்லி வருகிறார்கள். ஆக, ஒருவர் இடிபட்ட கதையோடு நிற்கிறார், மற்றவர் துரத்தப்பட்ட கதையோடு நிற்கிறார். ஒரு சந்தியில் இரண்டு காயம்.

என்னைக் கோயிலுக்கு ஏற்றிப்போன ஓட்டோ அண்ணையின் கண்ணாடியில் மாதா படம் தொங்கியது. வளைவைப் பற்றி மெதுவாக ஆரம்பித்தேன்.

"தம்பி, வளைவு இருந்தாலும் இல்லாட்டியும் ஆக்களுக்குக் கோயிலுக்குப் போற வழி தெரியும்" என்றார். கொஞ்சத் தூரம் போனபிறகு தானாகவே தொடர்ந்தார்: "அண்டைக்குச் செய்தது பிழைதான். ஆனா ரெண்டு பக்கமும் முதலே இருந்து கதைச்சிருந்தா அது நடந்திராது. இஞ்ச ஒருத்தரும் கதைக்கிறேல்ல, கட்டிப்போட்டுத்தான் கதைக்கினம்."

அந்தப் பயணம் முழுக்க நான் கேட்டதிலேயே உருப்படியான கருத்து அதுதான்.

கோயில் இப்போது கருங்கல்லாக நிமிர்ந்து நிற்கிறது. 1872இல் ஆறுமுக நாவலர் இந்தத் தலத்தைத் தேடிக் கட்டவேண்டும் என்று குரல் கொடுத்தார். 1893இல் காடாகக் கிடந்த காணியை ஏலத்தில் வாங்கினார்கள். 1948இல் திருப்பணிச் சபை உருவாகி, சேர் கந்தையா வைத்தியநாதன் அதற்காகப் பாடுபட்டார். 1976இல் கும்பாபிஷேகம் நடந்தது. 1990இலிருந்து கோயில் இராணுவத்தின் பிடிக்குள் போய்விட, பன்னிரண்டு வருடம் அளவில் சனம் ஒழுங்காகப் போய்வர முடியவில்லை. பிறகு இந்திய அரசின் 32 கோடி ரூபாய்க்கு மேற்பட்ட உதவியில், மாமல்லபுரத்துச் சிற்பிகளின் கைவண்ணத்தில் கருங்கல் திருப்பணி. 2022 ஜூலை 6இல் கும்பாபிஷேகம்.

இந்தக் கருங்கல் பற்றியும் ஊரில் இரண்டு பேச்சு. மண்டபத் தூணோடு சாய்ந்திருந்த முதியவர் ஒருவர், "அந்தப் பழைய கோயில் எங்கட அளவுக்கு இருந்தது மோனை, இது தஞ்சாவூருக்குப் போனமாதிரிக் கிடக்கு" என்றார். பக்கத்தில் இருந்த அம்மாவுக்குக் கோபம் வந்துவிட்டது. "இடிச்சவன் கல்லுக் கோயிலைத்தானே இடிச்சவன்? நாங்களும் கல்லிலதான் கட்டவேணும்." நான் அம்மாவின் பக்கம்தான் சாய்வேன். வேலைப்பாடு சுத்தமாக இருக்கிறது. நல்ல வெயிலிலும் உள்ளே குளிர்ச்சி. எங்கள் ஊர்க் கோயில்களில் வருடாவருடம் அடிக்கிற பளபளக்கும் பெயின்ற் இல்லாத ஒரு சுவரைப் பார்ப்பதே கண்ணுக்கு ஆறுதல். ஆனால் முதியவர் சொன்னதும் என்னை விட்டுப் போகவில்லை. அவர் அறிந்த கோயில் சண்டைக்கு முந்தியது, அவருடைய கலியாணம் நடந்த இடம். அது இப்போது படத்தில் மட்டும்தான் இருக்கிறது.

இந்த விவாதம் எல்லாம் நிலத்துக்கு மேலே நடப்பது. எனக்கு வயிற்றைக் கலக்கியது நிலத்துக்குக் கீழே இருப்பது.

கோயில் நிற்கிற மேடு இயற்கை மேடு இல்லை. இன்றைய மாந்தைதான் அன்றைய மாதோட்டம், பாளியில் மகாதித்தம்; அநுராதபுரத்துக்குப் பெருந்துறைமுகமாக இருந்த நகரம் அது. மனிதர் குடியிருந்து, இடிந்து, அதன் மேல் திரும்பக் குடியிருந்து உயர்ந்த மண். சுற்றிவரப் பிறை வடிவில் இரட்டை அகழி. ஆகாயப் படத்தில் பார்த்தால் இன்றைக்கும் தெளிவாகத் தெரியும். தரையில் நின்றால் புல்லும் பற்றையுமாக ஒரு நீளப் பள்ளம், அவ்வளவுதான். 1980 முதல் 1984 வரை ஜோன் கார்ஸ்வெல் தலைமையில் இங்கே அகழ்வு நடந்தது. சீனப் பீங்கான், மேற்காசியாவிலிருந்து வந்த மெருகிட்ட பாண்டங்கள், கண்ணாடி மணிகள் என்று இந்து சமுத்திரத்தின் இரண்டு கரையும் ஒரே குழியில் கிடைத்தன. சோழர் காலத்தில் இந்த ஊருக்கு இராஜராஜபுரம் என்று பெயர் வைத்து, தாழி குமரன் என்பவன் இராஜராஜேச்சரம் என்ற கோயிலையும் கட்டினான். கல்வெட்டு இருக்கிறது. அப்போதும் புதுக் கட்டடம்தான்! 1984க்குப் பிறகு நாட்டு நிலைமை விடவில்லை, அகழ்வு நின்றுபோனது. நகரத்தின் பெரும்பகுதியை இன்னும் யாரும் பார்க்கவில்லை.

அந்த மேட்டின் மேல்தான் இப்போது மடங்கள் எழும்புகின்றன. ஒவ்வொரு ஊராருக்கும் இங்கே ஒரு மடம் இருந்தது. போரில் இடிந்தவற்றைத் திருப்பிக் கட்டுகிறார்கள். சிவராத்திரிக்கு வருகிற ஆயிரக்கணக்கான சனத்துக்குத் தங்க இடம் வேண்டும், மலசலகூடம் வேண்டும், வாகனம் நிறுத்த இடம் வேண்டும். அதையெல்லாம் கூடாது என்று சொல்ல எனக்கு உரிமை இல்லை. ஆனால் ஒரு அத்திவாரக் கிடங்குக்குப் பக்கத்தில் கொஞ்ச நேரம் நின்றேன். குவித்திருந்த மண்ணில் பானை ஓடு, செங்கல் துண்டு, சிப்பி, திரும்பவும் ஓடு. வெட்டின சுவரில் நிறம் மாறி மாறிப் படைகள். தொல்லியல் படித்த பிள்ளை ஒன்று அங்கே நின்றிருந்தால் அழுதிருக்கும். மேசன் ஐயா சிரித்தார். "இஞ்ச எங்க வெட்டினாலும் இதுதான் வரும்."

"ஆருக்கும் அறிவிக்கிறேல்லையோ?"

"ஆருக்கு? தொல்லியல்காரருக்கோ? அவை வந்தாக் காணி போச்சு."

இந்தப் பதிலை எள்ளி நகையாட முடியாது. முல்லைத்தீவுக் குருந்தூர்மலையில் நடந்ததை வன்னியில் தெரியாதவர் இல்லை. ஆதி ஐயனாரைக் கும்பிட்டு வந்த மலையில் 2021 ஜனவரியில் இராணுவம் சூழ, அமைச்சர் முன்னிலையில் அகழ்வு தொடங்கியது. கொஞ்ச நாளில் அங்கே புதுச் செங்கல்லில் பௌத்த விகாரை எழும்பத் தொடங்கியது. முல்லைத்தீவு நீதிமன்றம் 2022இல் கட்டளையிட்ட பிறகும் வேலை நிற்கவில்லை என்று சனம் போராடியது. பழைய இடத்தைப் பாதுகாக்கிற தொல்லியல் திணைக்களத்தின் பெயரிலேயே பழைய இடத்தின் மேல் புதுக் கட்டடம். அதைப் பார்த்தவனிடம் போய், "ஐயா, அத்திவாரம் வெட்ட முதல் தொல்லியல் அதிகாரியைக் கூப்பிடுங்கள்" என்று எந்த முகத்தோடு சொல்வது?

ஆகவே யாரும் யாரையும் கூப்பிடுவதில்லை. சத்தமில்லாமல் வெட்டுகிறார்கள், சத்தமில்லாமல் கொங்கிறீட் போடுகிறார்கள். தமிழர் இங்கே தொன்றுதொட்டு வாழ்ந்தார்கள் என்று மேடையில் முழங்குகிற நாங்களே, அதற்குச் சாட்சி சொல்லக்கூடிய மண்ணைத் தோண்டி மண்வெட்டியால் ஓரமாகத் தள்ளுகிறோம். கோபம் திணைக்களத்தின் மேல் நியாயமானது. நட்டம் மட்டும் எங்களுக்கு. முருங்கன் கடைக்காரர் "கம்பஸ் பிள்ளையள்" என்று சாதாரணமாகச் சொன்னாரே, அதில் எனக்கு ஒரு வழி தெரிந்தது. கொழும்பிலிருந்து ஜீப்பில் வருகிறவர்களைப் பற்றி அப்படி யாரும் சொல்லமாட்டார்கள். திணைக்களத்தின் அனுமதி இல்லாமல் சட்டப்படி யாரும் அகழ முடியாதுதான். ஆனாலும் கிடங்கு வெட்டுகிற நாளில் பல்கலைக்கழகத்திலிருந்து இரண்டு பேர் வந்து நின்று படம் எடுத்து, அளந்து, பானை ஓடுகளைப் பொறுக்கிப் பெயர் எழுதி வைக்கும்படி திருப்பணிச் சபை கேட்டுக்கொள்ளலாம். அதனால் காணி போகாது, மடம் கட்டுகிற வேலையும் நின்றுபோகாது. மேசன் ஐயாவிடம் இதைச் சொன்னேன். "கொமிற்றிக்குச் சொல்லிப் பாரும்" என்றார். சொல்லியிருக்கிறேன். பதில் வரவில்லை.

மண் இங்கே வேறு கதைகளும் வைத்திருக்கிறது. 2013 டிசம்பரில் கோயிலுக்குப் போகும் வழியில் தண்ணீர்க் குழாய்க்கு வெட்டியபோது மனித எலும்புகள் வந்தன. மன்னார் நகர நுழைவாயிலில் அரச விற்பனை நிலையமான சதொசவின் பழைய கட்டடத்தை உடைத்துப் புதியதற்கு அத்திவாரம் வெட்டியபோது, 2018இல், அங்கேயும் எலும்புகள். ஏற்றி விற்ற மண்ணில்தான் முதலில் கண்டார்கள். ஒரு வருடத்துக்குக் கிட்ட அகழ்ந்து 300க்கு மேற்பட்ட எலும்புக்கூடுகளை எடுத்தார்கள். அமெரிக்க ஆய்வுகூடம் சில மாதிரிகளைப் பார்த்து 15 முதல் 17ஆம் நூற்றாண்டு வரையானவை என்றது. காணாமல் ஆக்கப்பட்டவர்களின் தாய்மார் அதை ஏற்கவில்லை. ஆறு மாதிரியை வைத்து எல்லாவற்றையும் எப்படிச் சொல்வது என்று கேட்டார்கள். கேட்கத்தானே வேண்டும். அந்த இடத்தைத் தாண்டும்போது பஸ்ஸில் யாரும் கதைப்பதில்லை என்று எழுதினால் பொய். பக்கத்துச் சீற்றில் ஒரு பெடியன் கிரிக்கெட் ஸ்கோர் கேட்டுக்கொண்டிருந்தான்.

மன்னார்க் கோட்டையைப் பற்றிச் சுருக்கமாக: 1560இல் போர்த்துக்கேயர் தொடங்கியது, 1658இல் ஒல்லாந்தர் பிடித்தது, 1795இல் ஆங்கிலேயர் கைக்கு வந்தது. நாலு கொத்தளம், சுற்றி அகழி, உள்ளே கூரையில்லாத தேவாலயம், எங்கும் கழுதைகள். சுவரில் கோயில் கல் தெரிகிறதா என்று தேடிப் பார்க்கிறவர்கள் பலர். நானும் தேடினேன். முருகைக்கல்லும் சுண்ணாம்பும்தான் கண்ணுக்குத் தெரிந்தன.

போகிறவர்களுக்குச் சில விஷயம். கோயில் மட்டும் பார்ப்பதென்றால் எப்போதும் போகலாம், ஆனால் அகழியைப் பார்க்க மழை முடிந்த தை, மாசி நல்லது. அதற்குப் பிறகு பற்றை மூடிவிடும், வெயிலும் தாங்காது. சிவராத்திரி அன்றைக்கு அகழிப் பக்கம் போக நினைக்கவேண்டாம், சன நெரிசலில் காலே வைக்க முடியாது. வெறுங்காலோடு மேட்டில் நடந்தால் முள்ளுக் குத்தும். சந்தியில் இறங்கினால் மாதா கோயிலையும் ஒருமுறை எட்டிப் பாருங்கள், யாரும் ஒன்றும் சொல்லமாட்டார்கள். நிலத்தில் அழகான பானை ஓட்டுத் துண்டு கண்டால் படம் எடுத்துவிட்டுக் கிடந்த இடத்திலேயே விடுங்கள். திருப்பணிச் சபையில் உங்களுக்குத் தெரிந்தவர் யாராவது இருந்தால், அந்த இரண்டு கம்பஸ் பிள்ளையள் விஷயத்தை நீங்களும் ஒருக்கால் காதில் போட்டு வையுங்கள்.