பழைய லேப்டாப், புது சர்வர்

மூலையில் தூசு படிந்து கிடந்த லேப்டாப்பில் டெபியன் என்ற லினக்ஸ் இயங்குதளத்தைப் போட்டு, அதன்மேல் இணையப் பக்கங்களை வழங்கும் என்ஜின்எக்ஸ் மென்பொருளையும் நிறுவி, வீட்டு நெட்வொர்க்குக்குள் பக்கம் திறந்ததும் பெரிதாகச் சாதித்துவிட்ட மாதிரி இருந்தது. வெளியிலிருந்து மட்டும் திறக்கவே இல்லை. ரவுட்டரில் இணையப் பக்கங்களுக்கான வாசல்களான 80, 443 போர்ட்டுகளை லேப்டாப்புக்குத் திருப்பிவிட்டும் (போர்ட் ஃபார்வர்டிங்) பயனில்லை, இரண்டு நாள் கான்ஃபிக் ஃபைலையே குடைந்துகொண்டிருந்தேன். அப்புறம்தான் ரவுட்டரின் வெளி முகவரியைப் பார்க்கத் தோன்றியது. 100.72 என்று தொடங்கியது. 100.64 முதல் 100.127 வரையிலான முகவரிகள், இணைய நிறுவனங்கள் பல வீடுகளை ஒரே பொது ஐபிக்கு, அதாவது இணையத்தில் தெரியும் முகவரிக்குப் பின்னால் வைப்பதற்கென்றே ஒதுக்கப்பட்டவை. அங்கே நம் போர்ட் ஃபார்வர்டிங் எடுபடாது. தனியாகப் பொது ஐபி கேட்டு வாங்கினேன். (ஐபிவி6 என்ற புதிய வகை முகவரி இருந்தால் அதிலேயே முயன்று பார்க்கலாம்.)

சரி, திறந்தாயிற்று. மறுநாள் காலை, வேறு கணினியிலிருந்து சர்வருக்குள் நுழைய உதவும் எஸ்எஸ்எச்சின் லாக்கைப் (பதிவைப்) பார்த்தால் ரூட், அட்மின், டெஸ்ட் என்ற பயனர் பெயர்களில் வரிசையாக யார் யாரோ கடவுச்சொல்லை ஊகித்துக்கொண்டிருக்கிறார்கள்! எல்லாம் தானாக ஓடும் நிரல்கள்தான், ஆனாலும் வயிற்றைக் கலக்கியது. உடனே கடவுச்சொல்லுக்குப் பதிலாக நுழைய உதவும் கீ ஃபைலை உருவாக்கி, கடவுச்சொல் நுழைவை நிறுத்தினேன். அதே வேகத்தில் ஃபயர்வாலையும் இயக்கினேன், எஸ்எஸ்எச்சுக்கான 22ஆம் போர்ட்டை அனுமதிக்காமலே. என்னாலேயே எஸ்எஸ்எச் வழியாக உள்ளே நுழைய முடியவில்லை. நல்லவேளை, லேப்டாப் என்பதால் கீபோர்டும் திரையும் கூடவே இருந்தன.