சிவன்மலையில் சிவப்புப் பூ

காங்கேயத்தை அடுத்த சிவன்மலையில், சுப்பிரமணிய சுவாமியைக் கும்பிட்டுத் திரும்புகிறவர்கள் தவறாமல் நிற்கும் இடம் ஆண்டவர் உத்தரவுப் பெட்டி. முருகன் உத்தரவிட்டதாக நம்பப்படும் பொருளை வைக்கும் கண்ணாடிப் பெட்டி அது; உள்ளே இருப்பது வரப்போவதைக் காட்டும் என்பது நம்பிக்கை. நானும் நின்றேன். கண்ணாடிக்குள் இருப்பதைப் பார்த்ததுமே சுற்றியிருந்தவர்கள் ஆரூடத்தில் இறங்கிவிட்டார்கள். விலை ஏறுமா, ஆபத்து வருமா? மண், துப்பாக்கி, சைக்கிள் என்று முன்பு இருந்தவற்றை ஒருவர் அடுக்கினார். தண்ணீர் வைத்த பிறகுதான் 2004இல் சுனாமி வந்தது என்றார். நடந்து முடிந்ததற்குப் பொருள் சொல்ல நமக்குச் சொல்லியா தர வேண்டும்!

எனக்குப் பெட்டியைவிட அதில் பொருள் வந்து சேரும் முறைதான் பெரிதாகப் பட்டது. யாரோ ஒரு பக்தரின் கனவில் ஆண்டவர் தோன்றி, இன்ன பொருளை வை என்கிறார். அவர் சாமியாராகவோ செல்வாக்குள்ளவராகவோ இருக்க வேண்டியதில்லை. ஆனால் கனவு கண்டேன் என்று சொன்னதும் பெட்டி திறந்துவிடாது. சுவாமி முன் வெள்ளைப் பூவும் சிவப்புப் பூவும் வைத்துப் பூக் கேட்கிறார்கள். வெள்ளைப் பூ வந்தால்தான் உத்தரவு; சிவப்பு வந்தால் மறுப்பு. வைத்த பொருளுக்குக் கெடு கிடையாது. அடுத்த உத்தரவு வரும்வரை அங்கேயே இருக்கும்.

சிவப்புப் பூ வந்தவரை நினைத்துக்கொண்டேதான் படி இறங்கினேன். பொய்யர் என்று அவரைத் தள்ளிவிட முடியாது. வேலோடு நின்ற முகத்தை அவர் மெய்யாகவே கண்டிருக்கலாம். விடிந்ததும் குளித்துப் புறப்பட்டு வந்திருக்கலாம். கனவில் சொன்னதும் முருகன், பூவில் மறுத்ததும் முருகன் என்றால் அவர் எதற்குக் கீழ்ப்படிவது? பூவுக்குத்தான் என்கிறது கோயில். காவடி எடுப்பதும் அலகு குத்துவதும்கூட இதைவிட எளிது என்பேன். தெய்வமே தன்னிடம் பேசியது என்ற நினைப்பை அல்லவா அவர் சன்னிதியிலேயே விட்டுவிட்டுப் போக வேண்டியிருக்கிறது? 'சாமி என்னிடம் சொன்னது' என்று தொடங்கி ஊரை ஆட்டிவைப்பவர்களைப் பார்த்திருக்கிறோம். அவர்கள் யாரும் சாமியிடம் திரும்பப் போய்க் கேட்டதாகத் தெரியவில்லை.

வெள்ளைப் பூ வந்தவருக்கும் முழு விடை கிடைப்பதில்லை. எதை வைப்பது என்பது உறுதியாகிறது. எதற்காக என்பது அவருக்கும் தெரியாது. வைத்துவிட்டு வீட்டுக்குப் போகிறார். பொருள் தேடுவதெல்லாம் எங்களைப் போல வேடிக்கை பார்க்க வந்தவர்கள்தான்.

சிவப்பு வந்தவர்கள் மறுபடியும் வருவார்களா என்று அடிவாரத்தில் ஒரு பெரியவரிடம் கேட்டேன். “மறுபடியும் கனவு வந்தால் வருவார்கள்” என்றார். வராவிட்டால்? “கிருத்திகைக்கு வருவார்கள்.”