எந்த மெஷினில் ஸ்டெம் செல் எடுப்பது?

புது மெஷின் காட்ட வருகிறவர்கள் முதலில் சொல்வது, "எங்களுடையது அதிக செல் எடுக்கும்" என்பதுதான். அபெரெசிஸ் அறையில், அதாவது ரத்தத்திலிருந்து வேண்டிய செல்லை மட்டும் மெஷினில் பிரித்தெடுக்கும் இடத்தில், வேலை பார்க்கிற எனக்கு அது பாதி விஷயம். மறுநாள் காலை நோயாளியின் தட்டணு (ரத்தம் உறைய உதவும் அணு) எவ்வளவு இறங்கியிருக்கும்? அதையும் கேட்பேன்.

காரணம் இருக்கிறது. மைலோமா என்ற ரத்தப் புற்றுநோய் வந்தவருக்கு நாலைந்து நாள் ஜி-சி‌எஸ்‌எஃப் ஊசி போட்டதும் எலும்பு மஜ்ஜையில் இருக்கும் ஸ்டெம் செல்கள் ரத்தத்துக்கு வந்துவிடும். கழுத்துக் குழாய் வழியாக ரத்தத்தை எடுத்து மெஷின் சுழற்றும்போது, சிவப்பணுவுக்கும் பிளாஸ்மாவுக்கும் நடுவில் பாலேடு மாதிரி மெல்லிய வெள்ளைப் படலம் படியும். நமக்கு வேண்டியது அதில்தான் இருக்கிறது. தட்டணுவும் அதையொட்டியே நிற்பதால் கூடவே வந்துவிடும்.

பழைய கோபே ஸ்பெக்ட்ரா மெஷினில் எல்லாம் கண்பார்வைதான். குழாயில் வருகிற திரவத்தின் நிறத்தை வண்ண அட்டையோடு ஒப்பிட்டு, பம்பைக் கூட்டிக் குறைத்தபடி மணிக்கணக்கில் உட்கார வேண்டியிருந்தது. நிறம் அடர்ந்தால் சிவப்பணு வருகிறது, வெளுத்தால் தட்டணு. நோயாளி பலமாக இருமினாலே ரத்த ஓட்டம் தடைப்பட்டு படலம் கலையும்; மறுபடி நிலைநிறுத்த வேண்டும்.

அதற்குப் பிறகு வந்த ஸ்பெக்ட்ரா ஆப்டியா மெஷினில் அந்தப் படலத்தைக் கேமரா கவனிக்கிறது. அதில் இரண்டு முறைகள் உண்டு. எம்‌என்‌சி முறையில் செல்கள் மெஷினுக்குள் ஒரு சிறு அறையில் சேர்ந்து, தட்டணுவில் பெரும்பகுதி நோயாளிக்கே திரும்பிப் போகும். சி‌எம்‌என்‌சி முறையில் நிற்காமல் நேராகப் பைக்குப் போகும். வெள்ளணு மிக அதிகமாக இருந்தால் அந்தச் சிறு அறை சீக்கிரம் நிரம்பிவிடும் என்பதால் எனக்கு சி‌எம்‌என்‌சிதான் வசதி. தட்டணு ஏற்கெனவே குறைவா? எம்‌என்‌சி. அமிக்கஸ் என்ற இன்னொரு மெஷினும் தட்டணுவை நன்றாகவே மிச்சப்படுத்தும்.

இன்னொன்று. ரத்தத்தில் சிடி34 செல்லே (ஸ்டெம் செல்லை அடையாளம் கண்டு எண்ணும் பெயர்) வரவில்லை என்றால் எந்த மெஷினும் ஒன்றும் செய்ய முடியாது. ஸ்டெம் செல் மாற்று சிகிச்சைக்கு உடல் எடையில் கிலோவுக்குக் குறைந்தது 20 லட்சம் வேண்டும், 50 லட்சம் கிடைத்தால் நிம்மதி. எண்ணிக்கை ஏறவில்லை என்றால் மெஷினை மாற்றிப் பயனில்லை. மஜ்ஜையிலிருந்து ஸ்டெம் செல்லை ரத்தத்துக்கு வரவைக்கும் பிளெரிக்ஸஃபோர் மருந்தைப் பற்றித்தான் டாக்டரிடம் பேச வேண்டும்.

குழந்தைகள் என்றால் கணக்கே வேறு. 10 கிலோ குழந்தையின் உடலில் மொத்த ரத்தமே சுமார் 750 மில்லிதான். மெஷினைப் பொறுத்து 150 முதல் 300 மில்லி வரை எந்நேரமும் வெளியே ஓடிக்கொண்டிருக்கும். அதனால் முதலில் குழாய்களைத் தானமாக வந்த சிவப்பணுவால் நிரப்பிக்கொள்வோம். அப்புறம் சிட்ரேட். ரத்தம் உறையாமல் இருக்க அதைக் கலக்கிறோம், அது கால்சியத்தை இறக்கும். பெரியவர்கள் "உதடு மரத்த மாதிரி இருக்கு" என்று சொல்லிவிடுவார்கள், கால்சியம் கொடுப்போம். இரண்டு வயதுப் பிள்ளைக்குச் சொல்லத் தெரியாது. முகத்தைத்தான் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். அதனால் குழந்தைகளுக்கு நான் கேட்பது ஆப்டியாவில் ‌எம்‌என்‌சி: வெளியே ஓடும் ரத்தமும் குறைவு, படலத்தைக் கேமரா பார்த்துக்கொள்ளும்.