புகைபோக்கியில் போகிற கிரிப்டான்

அணுவுலையில் எரிந்து முடிந்த எரிபொருளில் யுரேனியமும் புளுட்டோனியமும் இன்னும் மிச்சமிருக்கும், அதைப் பிரித்தெடுக்கத்தான் கல்பாக்கத்திலும் தாராப்பூரிலும் மறுசெயலாக்க ஆலைகள். எரிபொருளைத் துண்டுகளாக வெட்டி, சூடான நைட்ரிக் அமிலத்தில் கரைக்கும்போது உள்ளே அடைந்து கிடந்த வாயுக்களும் கிளம்பி வரும். அயோடின்-129, கிரிப்டான்-85, செனான், டிரிட்டியம், கார்பன்-14.

அயோடினுக்கு வழி இருக்கிறது. வெள்ளி ஏற்றிய சியோலைட் என்கிற நுண்துளைக் கனிமம் வழியாக அனுப்பினால் வெள்ளி அயோடைடாக மாறி அங்கேயே நின்றுவிடும். அதைப் பிடித்தே ஆக வேண்டும், அரை ஆயுள், அதாவது கதிரியக்கம் பாதியாகக் குறைய ஆகிற காலம், 1 கோடியே 57 லட்சம் வருஷம், உடம்புக்குள் போனால் தைராய்டில் போய்ச் சேரும்.

கிரிப்டான்தான் சிக்கல்.

தர்மபுரியில் என்னிடம் வேதியியல் படிக்கிற பிள்ளைகளுக்கு இதை ஃப்ளோரைடை வைத்துத்தான் சொல்வேன். பென்னாகரம் பக்கத்துப் பிள்ளைகளுக்குப் பல்லில் பழுப்புக் கறை என்றாலே காரணம் தெரியும், தண்ணீரில் இருக்கிற ஃப்ளோரைடு. லிட்டருக்கு 1.5 மில்லிகிராமைத் தாண்டினாலே தொல்லை தருகிற ஃப்ளோரைடை, கிளர்வூட்டிய அலுமினா தண்ணீரிலிருந்து இழுத்துக்கொள்ளும். ஆனால் ஃப்ளோரைடுக்கு மின்சுமை இருக்கிறது, கிரிப்டானுக்கு அப்படி எதுவும் கிடையாது, மந்த வாயு, எதோடும் லேசில் ஒட்டாது. மைனஸ் 153 டிகிரிக்குக் குளிர வைத்துத் திரவமாக்கிப் பிரிக்கலாம்தான், செலவு எகிறும், கூட ஆக்சிஜன் இருந்தால் கதிர்வீச்சில் ஓசோன் உண்டாகி வெடிக்கிற ஆபத்தும் உண்டு. அதனால் பிரான்ஸின் லா ஹேக் மறுசெயலாக்க ஆலையிலேயே அதைக் காற்றில்தான் விடுகிறார்கள்.

காற்றில் கலந்து நீர்த்துவிடுவதால் ஒரு ஆளுக்குக் கிடைக்கிற கதிர்வீச்சு மிகக் குறைவு, அது உண்மை. ஆனாலும் எனக்கு மனசு ஒப்பவில்லை. கிரிப்டான்-85இன் அரை ஆயுள் 10.8 வருஷம்தான், நூறு வருஷம் பூட்டி வைத்தால் அறுநூறில் ஒரு பங்குகூட மிஞ்சாது!

அப்புறம், சாதாரண வெப்பநிலையிலேயே வேலை செய்கிற பொருள்களும் வந்துவிட்டன. 2025 வேதியியல் நோபல் பரிசு உலோக-கரிமச் சட்டகங்களுக்குக் கிடைத்ததே, அந்த வகைதான். உலோக அணுக்களைக் கரிம மூலக்கூறுகளால் இணைத்த வலை மாதிரி, உள்ளே நுண்துளைகள், துளையின் அளவை நாமே தீர்மானிக்கலாம். அதில் ஒன்றான எஸ்பிமாஃப்-1 செனானைத் தேர்ந்து பிடிக்கிறது என்று 2016இல் கட்டுரை வந்தது. இப்படிப்பட்ட பொருளை நிரப்பிய முதல் படுகையில் செனானைப் பிடித்துவிட்டால், அடுத்த படுகையில் கிரிப்டானுக்கு இடம் கிடைக்கும். பல வருஷம் ஆறிய எரிபொருளிலிருந்து வருகிற செனானில் கதிரியக்கம் இருக்காது, செயற்கைக்கோள் உந்துவிசைக்கும் மயக்க மருந்துக்கும் ஆகும் என்பதால் விற்கவும் செய்யலாம்.

எம்.எஸ்சி. முடித்துவிட்டு வேலைக்காக ஓசூருக்கும் பெங்களூருக்கும் பஸ் ஏறுகிற நம்ம ஊர்ப் பிள்ளைகளில் ஒருவராவது இதை ஆராய்ச்சிக்கு எடுக்க வேண்டும் என்று ஆசை. முக்கியமாக, அமில ஆவியிலும் கதிர்வீச்சிலும் வருஷக்கணக்கில் கிடந்தால் இந்தச் சட்டகங்கள் எவ்வளவு தாங்கும் என்பதை.