ரஷ்யன் டாய்: எடை மூணு கிலோ, வாய் முப்பது கிலோ

மாஸ்கோல நான் வாடகைக்கு இருக்கற வீட்டு ஓனர் பாட்டிகிட்ட ரஷ்யன் டாய்னு ஒரு பொடி நாய் இருக்கு. போட்டோ போட்டா எல்லாரும் சிவாவாவானு தான் கேக்கறீங்க, இல்லீங்க இது வேற ஜாதி, உயரம் 20லேருந்து 28 சென்டிமீட்டர், எடை 3 கிலோவுக்குள்ள, குச்சி குச்சியா நீளமான காலு.

இதோட மூதாதை இங்கிலீஷ் டாய் டெரியர். ஜார் காலத்துல பிரபுக்கள் வீட்டு செல்லம், 1917 புரட்சிக்கப்புறம் சீந்த ஆளில்லாம கிட்டத்தட்ட அழிஞ்சே போச்சு. மிச்சம் மீதிய வச்சு மறுபடி வளர்த்துட்டிருந்தப்ப, 1958ல மாஸ்கோல குட்டை முடி ஜோடிக்கு சிக்கினு ஒரு குட்டி பிறந்துச்சு, அதுக்கு மட்டும் காதுல காலுல எல்லாம் நீள நீளமா முடி. நீள முடி ரகம் அதுலேருந்து வந்தது தான். நாய் ஜாதிகள பதிவு பண்ற அமெரிக்கன் கென்னல் கிளப் இத முழுசா சேத்துக்கிட்டதே 2022ல தான்.

பாட்டியோடது நீள முடி. உடம்பு முடி பிரச்சனையே இல்ல, காதுக்குப் பின்னாடி மட்டும் சிக்கு விழும், சீப்ப வச்சா போதும் மூஞ்சிய திருப்பிக்கும்.

உண்மையான கவலை காலு தான். சோபாலேருந்து குதிச்சா எலும்பு முறிய சான்ஸ் இருக்கு, அதனால பக்கத்துல சின்ன படி போட்டிருக்காங்க. நடக்கறப்ப பின்னங்கால தூக்கிட்டு ரெண்டு மூணு எட்டு தாவிட்டு அப்புறம் ஒண்ணுமே நடக்காத மாதிரி போச்சுன்னா ஸ்டைல்னு ரசிச்சுட்டு நிக்காதீங்க, முட்டிச்சில்லு நழுவுதானு டாக்டர்கிட்ட காட்டணும். கழுத்துப்பட்டைய விட நெஞ்ச சுத்தி மாட்டற ஹார்னஸ் நல்லது.

குளிர்ல ஸ்வெட்டர் இல்லாம வெளிய விடவே கூடாது. இங்க ஐஸ் உருக ரோட்டுல உப்பு மருந்து கொட்டுவாங்க, பாதம் எரியும், வந்ததும் வெதுவெதுப்பான தண்ணில கழுவி விரல் இடுக்கு வரைக்கும் துடைக்கணும். ரொம்ப குளிர்னா வெளியவே போறதில்ல, அது ஒண்ணுக்கு போக பாத்ரூம் ஓரமா பேட் விரிச்சிடுவாங்க.

குட்டியா இருந்தா சாப்பாட்ட மூணு நாலு வேளையா பிரிச்சு குடுக்கணும், பட்டினி கிடந்தா சுகர் டக்குனு இறங்கிடும். பால் பல்லும் சிலதுக்கு தானா விழாது, புதுப் பல்லு பக்கத்துலயே முளைச்சு நிக்கும், டாக்டர் தான் புடுங்கணும். பெருசானப்புறமும் பல்லு தேய்க்கறத விடக்கூடாது, காறை சீக்கிரம் கட்டும்.

அப்புறம் குரைப்பு! லிப்ட் சத்தம் கேட்டாலே ஆரம்பிச்சிடும், பக்கத்து வீட்டுக்காரங்களோட சுமுகமா இருக்கணும்னா குட்டிலயே பழக்கிடுங்க.