சாவியால் சுரண்டிப் பார்க்கிற பழக்கம்

போன மாதம் என் தங்கை மகள் சென்னையிலிருந்து திருநெல்வேலிக்கு வந்திருந்தாள். கட்டடக் கலை படிக்கிறாள், மூன்றாம் வருஷம். கல்லூரியில் ஒரு வேலை கொடுத்திருக்கிறார்களாம். சொந்த ஊர்ப் பக்கம் வெள்ளைக்காரன் காலத்துக் கட்டடங்களில் இன்னும் நிற்பவற்றில் மிகப் பழையது எது என்று தேடி எழுத வேண்டும். "மாமா, நீங்க முப்பது வருஷத்துக்கு மேல கட்டட வேலை பாக்கீங்கள்லா, நம்ம ஊர்ல எது மாமா ரொம்பப் பழசு?" என்று கேட்டாள்.

ஒரே வரியில் முடித்துவிடலாம் என்று, "பாளையங்கோட்டை கிளாரிந்தா கோயில், 1785" என்றேன். திண்ணையில் பேப்பர் படித்துக்கொண்டிருந்த என் அண்ணன் விடவில்லை. "மணப்பாட்டுல 1581லயே சிலுவைக் கோயில் எழும்பியாச்சு. போர்த்துக்கீசியன் மட்டும் வெள்ளைக்காரன் இல்லையால?" என்று ஆரம்பித்தார். தூத்துக்குடி பனிமய மாதா கோயில் 1713. அதே ஊரில் டச்சுக்காரர்கள் கட்டிய கோயில் 1750. தூத்துக்குடி தனி மாவட்டமானதே 1986இல்தான், அதுவரை எல்லாம் திருநெல்வேலி ஜில்லாதானே என்று கடற்கரை முழுவதையும் கணக்கில் சேர்த்துவிட்டார். அண்ணன் ரிட்டயர்டு சரித்திர வாத்தியார். அவரிடம் ஆண்டு பேசினால் காபி ஆறிப்போகும்.

எனக்கு ஆண்டுக் கணக்கில் அவ்வளவு பிடிப்பு கிடையாது. தாத்தா கொத்தனார், அப்பா கொத்தனார், நான் காண்ட்ராக்டர். கல்லில் வெட்டி வைத்திருக்கும் ஆண்டு கட்டடம் பிறந்த ஆண்டு, சரி. இன்றைக்கு நாம் கை வைக்கிற சுவர் அன்றைக்குப் பிறந்ததுதானா? முகப்பை இடித்துக் கட்டியிருப்பார்கள். பழைய மொட்டைமாடித் தட்டட்டியைப் பிரித்துவிட்டு கான்கிரீட் போட்டிருப்பார்கள். தாத்தா எந்தப் பழைய கட்டடத்துக்குப் போனாலும் ஆள் பார்க்காத மூலையாகப் பார்த்து மடியிலிருந்து சாவியை எடுத்து லேசாகச் சுரண்டுவார். வெள்ளையாக மாவு உதிர்ந்தால் சுண்ணாம்பு. சாம்பல் நிறத்தில் கீறல் விழுந்து சாவி மழுங்கினால் சிமெண்ட். சிமெண்ட் என்றால் திரும்பிக்கூடப் பார்க்காமல் நடப்பார். அந்தப் பழக்கம் எனக்கும் தொற்றிக்கொண்டது.

மறுநாள் காலையில் முதலில் கிளாரிந்தா கோயில். பாளையங்கோட்டைக்காரர்களுக்கு அது பாப்பாத்தியம்மா கோயில். தஞ்சாவூர்ப் பக்கத்து மராட்டியப் பிராமண விதவை கோகிலா. உடன்கட்டை ஏற்றப் போன இடத்தில் லிட்டில்டன் என்ற ஆங்கிலேய அதிகாரி காப்பாற்றினார். அவரோடுதான் பாளையங்கோட்டைக்கு வந்தார். இருவரும் கலியாணமில்லாமல் சேர்ந்து வாழ்கிறார்கள் என்பதற்காக மிஷனரிப் பாதிரியார் ஸ்வார்ட்ஸ் ஐயர் ஞானஸ்நானம் கொடுக்க மறுத்துவிட்டார். லிட்டில்டன் இறந்த பிறகு, 1778இல்தான் கொடுத்தார், கிளாரிந்தா என்ற பெயரில். 1780இல் எழுதிய சபைப் பதிவேட்டில் இருந்தது மொத்தம் நாற்பது பேர், முதல் பெயர் கிளாரிந்தா. அந்த அம்மா முன்னின்று கட்டி, 1785இல் ஸ்வார்ட்ஸ் வந்து பிரதிஷ்டை செய்த கோயில் இது. அவர் வெட்டிய கிணற்றுக்குப் பாப்பாத்தி கிணறு என்று பெயர்.

எனக்கு இதில் பிடித்த சங்கதி ஒன்று உண்டு. வெள்ளைக்காரன் காலத்துக் கட்டடம் என்று தேடிப் போகிறோம், போய் நின்றால் கட்டியது நம் ஊர்ப் பொம்பளை. அதுவும் ஒரு கூட்டத்தார் எரிக்கப் பார்த்து, இன்னொரு கூட்டத்தார் வாசலிலேயே நிறுத்தி வைத்த பொம்பளை. எங்கள் வீடு அம்மன் கொடைக்கு வரி கொடுக்கிற வீடு. ஆனாலும் பாப்பாத்தியம்மா கோயிலைத் தாண்டும்போது பைக்கைக் கொஞ்சம் மெதுவாகத்தான் விடுவேன்.

பின்பக்கம் போய் நின்றதும் கை தன்னால் சட்டைப் பைக்குள் போனது. மருமகள் லபக்கென்று பிடித்துக்கொண்டாள். "மாமா! இது பாரம்பரியக் கட்டடம், சுரண்டக் கூடாது." நாங்கள் மூன்று தலைமுறையாகச் சுரண்டி என்ன விழுந்துவிட்டது என்று கேட்டேன். எல்லோரும் இப்படித் தலைமுறை தலைமுறையாகச் சுரண்டினால் விழாதா என்று கேட்டாள். பதில் சொல்ல முடியவில்லை. விரல் முட்டியால் தட்டிப் பார்ப்பதோடு நிறுத்திக்கொண்டேன்.

அப்படியே ஊசிக்கோபுரம். ரேனியஸ் ஐயர் காலத்தில் 1826இல் எழுந்த கதீட்ரல். அதன் கூர்ங்கோபுரத்தை வைத்துத்தான் பாளையங்கோட்டையில் பாதிப் பேர் வழி சொல்வார்கள். மேடைப் போலீஸ் ஸ்டேஷனையும் காட்டினேன், பழைய கோட்டையில் மிஞ்சிய துண்டு அது. ஊமைத்துரை 1801இல் தப்பித்தது இந்தக் கோட்டைச் சிறையிலிருந்துதான். கோட்டை கும்பினிக்கு முந்தியது, அதனால் அவள் கணக்கில் சேராது.

பிறகு கொக்கிரகுளத்தில் தாமிரபரணி ஆற்றுக்குள் இறங்கினோம். சுலோச்சன முதலியார் பாலத்தைப் பார்க்க வேண்டுமானால் மேலே போய்ப் பிரயோஜனம் கிடையாது. மேலே பஸ்ஸும் ஆட்டோவும்தான். கீழே தண்ணீரில் கால் வைத்து நின்று அண்ணாந்து பார்க்க வேண்டும். பதினோரு வளைவுகள், ஏறக்குறைய 760 அடி நீளம். 1840இல் தொடங்கி 1843 நவம்பரில் திறந்தார்கள். அதற்கு முன்னால் திருநெல்வேலியிலிருந்து பாளையங்கோட்டைக்குப் போக வேண்டுமானால் படகுதான். கலெக்டர் தாம்சன் பாலம் கட்ட நினைத்தார். ஹார்ஸ்லி என்பவர் லண்டன் வாட்டர்லூ பாலத்தைப் பார்த்து வரைபடம் போட்டார். செலவு அரை லட்சம் ரூபாய். ஊரில் வசூல் செய்வது என்று முடிவு. கலெக்டர் கச்சேரியில் சிரஸ்தாராக இருந்த சுலோச்சன முதலியார், வசூலே வேண்டாம், மொத்தத்தையும் நான் தருகிறேன் என்றுவிட்டார். சம்சாரம் நகையை எல்லாம் கழற்றிக் கொடுத்தார் என்று எங்கள் ஊரில் சொல்வார்கள்.

மருமகளுக்கு வளைவு எப்படி நிற்கிறது என்பதெல்லாம் பாடத்தில் இருக்கிறது. ஆனால் சாரம் பிரிக்கிற நாள் எப்படி இருக்கும் என்று பாடத்தில் இருக்காது. வளைவுக்கு அடியில் மரத்தில் அரைவட்டமாகச் சாரம் கட்டி, இரண்டு பக்கத்திலிருந்தும் கல்லை ஏற்றிக்கொண்டே வந்து, நடுவில் உச்சிக்கல்லைச் செருகி அடிக்கும்வரை எல்லாப் பாரமும் மரத்தின் மேல்தான். செருகிய பிறகு ஒவ்வொரு கல்லும் பக்கத்துக் கல்லை நெருக்கி, பாரத்தைக் கால்களுக்கு இறக்கிவிடும். உள்ளே ஒரு கம்பி கிடையாது. காரை இறுகியது என்று நம்பி ஆப்பைத் தட்டிச் சாரத்தை இறக்க வேண்டும். தாத்தா ஒரு கிணற்று மேடை வளைவுக்குச் சாரம் பிரித்தபோது கட்டடத்துக்குச் சொந்தக்காரரையும் கூட்டி வந்து அடியில் உட்கார வைத்துக்கொண்டுதான் ஆப்பைத் தட்டினாராம். பதினோரு வளைவுக்கு யார் யாரை உட்கார வைத்தார்களோ!

2023 டிசம்பரில் ஆறு கரை மீறி ஜங்ஷன் பஸ் ஸ்டாண்டுக்குள் புகுந்ததே, அப்போதும் இந்தக் கால்களை இடித்துக்கொண்டுதான் போனது. வெள்ளம் வடிந்த மறுநாள் பாதி ஊர் பாலத்தைப் பார்க்க வந்தது. நானும் போனேன். பெரிய ஆஸ்பத்திரியில் படுத்திருக்கும் தாத்தாவைப் பார்க்கப் போகிற மாதிரி இருந்தது. தாத்தா எழுந்து உட்கார்ந்திருந்தார்.

இடையன்குடிக்கு அடுத்த நாள் போனோம். திசையன்விளை தாண்டினால் மண் சிவந்துவிடும், பனைதான் எங்கு பார்த்தாலும். கால்டுவெல் ஐயர் 1841இல் வந்து இறங்கிய ஊர். 1856இல் திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணம் வெளிவந்ததால் உலகத்துக்கு அவர் அறிஞர். என் கணக்கில் அவர் முப்பத்துமூன்று வருஷம் ஒரே சைட்டில் நின்ற மேஸ்திரி. 1847இல் தொடங்கிய தேவாலயத்தை 1880 ஜூலை 6ஆம் தேதிதான் பிரதிஷ்டை செய்ய முடிந்தது. நான் ஒன்றரை வருஷம் இழுத்தடித்த வீட்டுக்காரர் இன்றைக்கும் என்னைத் தெருவில் பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார்.

அந்தக் கூர்வளைவு ஜன்னல்களைப் பாருங்கள். கல்லில் கொடி மாதிரி பிரிந்து பிரிந்து போகிற வேலை. இங்கிருந்த கல்தச்சர்களுக்குக் கோயில் தூணும் மண்டபமும் தண்ணீர்பட்ட பாடு. இந்த மேல்நாட்டு வளைவை அவர்கள் கண்டதில்லை. கால்டுவெல் என்ன செய்தார்? ஈரக் களிமண்ணைப் பிசைந்து ஜன்னலின் வடிவத்தைச் செய்து காட்டினார். அதைத் தடவிப் பார்த்துத்தான் கல்லில் வெட்டினார்கள். இதைக் கேட்டதும் எனக்குச் சிரிப்பு வந்தது, சந்தோஷச் சிரிப்பு. எஞ்சினியர் கொடுக்கிற பிளானை விரித்து வைத்துக்கொண்டு நானும் தரையில் செங்கல்லை அடுக்கித்தான் கொத்தனாருக்குக் காட்டுகிறேன். காகிதம் கண்ணோடு நின்றுவிடும். மண் கைக்குள் போய்விடும். 1891இல் கொடைக்கானலில் இறந்த மனிதரை இவ்வளவு தூரம் கொண்டுவந்து இந்தக் கோயிலின் பலிபீடத்துக்கு அடியில்தான் அடக்கம் செய்தார்கள்.

மருமகள் ஒரு ஜன்னலை மட்டும் இரண்டு மணி நேரம் உட்கார்ந்து வரைந்தாள். நான் வேப்பமரத்தடியில் பதநீர் குடித்துவிட்டுத் தூங்கிவிட்டேன்.

திரும்பும்போது வடக்கன்குளம் போய் வந்தோம். 1872இல் கட்டிய கோயில். ஊரிலிருந்த இரண்டு சாதியாரும் ஒருவரையொருவர் பார்க்காமல் பூசை காண வேண்டும் என்பதற்காக இரண்டு கைகளாக விரித்து, சேருமிடத்தில் பீடத்தை வைத்துக் கட்டினார்கள். நடுவில் தடுப்பு. 1910இல் அந்தத் தடுப்பை உடைத்தார்கள், வழக்கு கோர்ட்டுவரை போனது. எங்கள் தொழிலில் இடிப்புக்குக் கூலி குறைவு. அந்த ஒரு இடிப்புக்கு இரட்டைக் கூலி கொடுத்திருக்கலாம்.

காரில் வரும்போது அவள் கேட்டாள்: "மாமா, சிமெண்ட் பூசினா என்னதான் ஆகும்? ஏன் அதைச் சொன்னாலே மூஞ்சி மாறுது?" இதை யாரிடமும் சொல்வதில்லை. சொன்னேன்.

நான் தனியாக வேலை எடுக்க ஆரம்பித்த புதிது. ஒரு சின்னக் கிராமத்தில் நூறு வருஷம் தாண்டிய சிறு தேவாலயம், செங்கலும் சுண்ணாம்பும். பூச்சு அங்கங்கே பொரிந்திருந்தது. எனக்கு அப்போது சிமெண்டைத் தவிர வேறெதிலும் நம்பிக்கை இல்லை. பழைய காரை முழுவதையும் கொத்தி எறிந்துவிட்டு, ஒன்றுக்கு நாலு கலவையில் வழுவழுவென்று பூசி, டிஸ்டெம்பர் அடித்துக் கொடுத்தேன். ஊரே மெச்சியது. மாலை போட்டார்கள். மூன்றாவது மழைக்காலம் முடிந்ததும் ஆள் விட்டார்கள். போய்ப் பார்த்தால் இடுப்பு உயரத்துக்கு உப்புப் பூத்திருக்கிறது. தட்டினால் பூச்சு பலகை பலகையாகக் கழன்று விழுகிறது. பூச்சு மட்டுமா, செங்கல்லின் முகத்தையும் சேர்த்துப் பிய்த்துக்கொண்டு வந்துவிட்டது.

அஸ்திவாரத்திலிருந்து ஈரம் சுவரில் ஏறிக்கொண்டேதான் இருக்கும். சுண்ணாம்புப் பூச்சு அந்த ஈரத்தை வெளியே விட்டுவிடும். காற்றிலிருக்கும் கரியமில வாயுவை வாங்கிக்கொண்டு வருஷக்கணக்கில் மெல்ல மெல்லக் கல்லாகவே மாறும். சிமெண்ட் போர்வையைப் போர்த்தினால் ஈரம் உள்ளேயே தங்கி, அதிலிருக்கும் உப்பு பூச்சுக்குப் பின்னால் பூத்து, மெதுவான பழைய செங்கல்லைத் தின்னும். இதெல்லாம் பின்னால் படித்துத் தெரிந்துகொண்டது. அன்றைக்கு அப்பா என்னோடு வந்து பார்த்துவிட்டு ஒன்றே ஒன்றுதான் சொன்னார்: "சுவருக்கு மூச்சு முட்டிப்போச்சுல."

நூறு மழை பார்த்த சுவர் என் கை பட்டு மூன்று மழையில் போனது. பணத்தைத் திருப்பிக் கொடுக்கிற நிலையில் நான் இல்லை. அவர்களும் கேட்கவில்லை. அதற்கப்புறம் அந்த ஊர் வழியாகப் போகிற பஸ்ஸில்கூட நான் ஏறியதில்லை.

மருமகள் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "இப்ப அந்தக் கோயில் எப்படி இருக்கு மாமா?" என்றாள். தெரியாது என்றேன். "வண்டியத் திருப்புங்க" என்றாள். பொழுது சாய்ந்துவிட்டது, உங்கம்மா தேடுவாள் என்று என்னென்னவோ சொல்லிப் பார்த்தேன். தங்கையின் பிடிவாதம் அப்படியே வந்திருக்கிறது.

கோயில் இருந்தது. கூரை நல்ல கூரை. சுவரில் என் சிமெண்ட் பாதி இருக்கிறது, பாதி இல்லை. இல்லாத இடத்தில் செங்கல் பல்லைக் காட்டுகிறது. கோயிலைத் திறந்து மூடுகிற பெரியவருக்கு என்னை அடையாளம் தெரியவில்லை. நானே சொன்னேன். ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "நீதானா அது" என்று மட்டும் சொல்லி உள்ளே போய் எனக்கும் அவளுக்கும் தண்ணீர் கொண்டு வந்தார்.

இப்போது எங்கள் வீட்டுப் புறவாசலில் ஆறடிக்கு நாலடி தொட்டி கட்டி, சுண்ணாம்பு நீற்றிப் போட்டிருக்கிறேன். கூலி வேண்டாம் என்று எழுதிக் கொடுத்த பிறகுதான் அந்த ஊர்க்காரர்கள் சம்மதித்தார்கள், அதுவும் ஒரு பக்கச் சுவர் மட்டும், அதைப் பார்த்துவிட்டுத்தான் மற்றது. பழைய காரை வேலை தெரிந்த கொத்தனார் ஒருவர் கிடைத்திருக்கிறார். எழுபது தாண்டியவர், அரை நாள்தான் நிற்பேன் என்கிறார். இளவட்டங்கள் சுண்ணாம்பு என்றால் கை வெந்துபோகும் என்று ஓடுகிறார்கள். காரையில் கலக்கப் பானையில் கடுக்காயும் கருப்பட்டியும் ஊறுகிற வாடைக்கு என் சம்சாரம் மூக்கைப் பொத்திக்கொண்டுதான் துணி காயப்போடப் போகிறாள். அண்ணன் தினமும் வந்து தொட்டியை எட்டிப் பார்த்துவிட்டு, இது எந்த வருஷத்துக் கட்டடம் என்று கேட்கிறார்.