இரண்டாவது ஃபியூஸும் வெடித்த பிறகு

மழை இரவொன்றில் மின்சாரம் போய், உடனே வந்து, மறுபடியும் போன அந்த ஒரு நிமிடத்துக்குள் எங்கள் வீட்டு எல்இடி தொலைக்காட்சி செத்துப்போனது. மறுநாள் காலையில் பார்த்தபோது, திரைக்குக் கீழே எப்போதும் எரிந்துகொண்டிருக்கும் சிவப்பு ஸ்டாண்ட்பை விளக்கு அணைந்திருந்தது. ரிமோட்டை அழுத்தினாலும், பின்புறத்துப் பொத்தானை அழுத்தினாலும் ஒன்றும் நடக்கவில்லை. ஒலி வந்து படம் மட்டும் வராமலிருந்தாலோ, சிவப்பு விளக்கு விட்டுவிட்டு எரிந்தாலோ கோளாறு வேறெங்கோ இருக்கிறது என்று கொள்ளலாம். முற்றிலும் இருண்டு கிடக்கும் தொலைக்காட்சியில் முதலில் சந்தேகிக்க வேண்டியது, மின்சாரம் உள்ளே நுழையும் வழியைத்தான். அதே சாக்கெட்டில் வேறொரு விளக்கைச் செருகினேன், எரிந்தது. பவர் கேபிளையும் மாற்றிப் பார்த்தேன். அதற்குப் பிறகே ஸ்க்ரூட்ரைவரைக் கையில் எடுத்தேன்.

திரை கீழே பார்க்கும்படி ஒரு மெத்தென்ற போர்வையின் மேல் தொலைக்காட்சியைக் கிடத்தி, பின்மூடியின் திருகுகளைக் கழற்றினேன். அவற்றில் இரண்டு நீளங்கள் இருந்தன. எது எங்கிருந்து வந்தது என்பதை ஒரு காகிதத்தில் படம் வரைந்து குறித்துக்கொண்டது பிறகு உதவியது. உள்ளே இரண்டு பலகைகள் இருந்தன. ஆன்டெனா, எச்டிஎம்ஐ துளைகள் உள்ளது மெயின் போர்டு. பவர் கேபிள் வந்து சேருவது பவர் போர்டு.

பவர் போர்டில் கை வைப்பதற்கு முன் கவனிக்க வேண்டியது, அதிலுள்ள பெரிய கெபாசிட்டர், அதாவது மின்னேற்றத்தைத் தேக்கிவைக்கும் பாகம். 230 வோல்ட் மாறுமின்சாரம், ஒரு திசையில் மட்டும் கடத்தும் டயோடுகள் வழியாகத் திருத்தப்பட்டு வரும்போது அந்தக் கெபாசிட்டரில் ஏறத்தாழ 325 வோல்ட் நேர்மின்சாரம் நிற்கும். சில போர்டுகளில் அது 380 முதல் 400 வோல்ட் வரை போகும். ப்ளக்கைப் பிடுங்கிய பிறகும் அது தங்கியிருக்கக்கூடும். ஸ்க்ரூட்ரைவரின் முனையால் இரு கால்களையும் சேர்த்துப் பொறி பறக்க விடும் பழக்கம் சிலரிடம் உண்டு. அது எனக்குச் சற்றும் பிடிக்காத வேலை. மின்னோட்டத்தை மட்டுப்படுத்தும் 2.2 கிலோ ஓம், 10 வாட் ரெசிஸ்டர் ஒன்றின் கால்களில் உறையிட்ட கம்பிகளை இணைத்து வைத்துக்கொண்டு, அதன் வழியாக இறக்குவதே என் வழக்கம். மல்டிமீட்டரை வைத்துப் பார்த்தபோது, இரண்டு நாள் ப்ளக் இல்லாமல் கிடந்த அந்தக் கெபாசிட்டர் மூன்று வோல்ட்டுக்கும் குறைவாகவே காட்டியது.

ஃபியூஸைக் கண்டுபிடிக்கவே சிறிது நேரம் பிடித்தது. கண்ணாடிக் குழாயைத் தேடிக்கொண்டிருந்த என் கண்ணுக்கு, கறுப்புச் சுருங்குறை (சூடாக்கினால் சுருங்கி இறுகும் உறை) போர்த்திய ஒரு சிறு உருளை ஃபியூஸாகவே படவில்லை. பலகையில் அதற்குப் பக்கத்தில் 'எஃப்' என்ற எழுத்தில் தொடங்கும் எண்ணும், 'டி 5 ஏ எல் 250 வி' என்ற குறிப்பும் அச்சாகியிருந்தன. இந்தக் குறிப்பில் ஒவ்வோர் எழுத்துக்கும் பொருள் உண்டு. 'டி' என்றால் தாமதித்து உருகும் வகை. சுவிட்சைப் போட்டதும் கெபாசிட்டர் நிரம்பும் கணத்தில் பாயும் மிகை மின்னோட்டத்தை அது பொறுத்துக்கொள்ளும். அந்த இடத்தில் 'எஃப்' எனப்படும் விரைவு வகையைப் போட்டால், கோளாறே இல்லாதபோதும் அது உருகிப்போகலாம். 'எல்' என்பது குறைந்த துண்டிப்புத் திறனையும், 'எச்' என்பது உயர்ந்த துண்டிப்புத் திறனையும் குறிக்கும். 'எச்' கேட்கும் இடத்தில் 'எல்' வகைக் கண்ணாடி ஃபியூஸைப் போடுவது ஆபத்து, ஏனெனில் மின்சாரம் குறுக்கே பாயும் பெரிய ஷார்ட் ஏற்படும்போது அது மின்னோட்டத்தைத் துண்டிக்காமல் வெடித்துச் சிதறக்கூடும்.

மீட்டரை, இணைப்பு இருந்தால் பீப் அடிக்கும் கன்டினியூட்டி சோதனைக்கு மாற்றி ஃபியூஸின் இரு முனைகளிலும் வைத்தேன். பீப் ஒலி வரவில்லை. சால்டரை உறிஞ்சி அதைக் கழற்றி எடுத்ததும், அதே 'டி 5 ஏ எல்' வகையில், முனைகளில் கால் வைத்து வரும் புதியது ஒன்றைப் பொருத்தினேன். சாதாரணக் கண்ணாடி ஃபியூஸின் மூடிகளில் நேரடியாகக் கம்பியைச் சால்டர் செய்தால், அந்தச் சூட்டில் உள்ளிருக்கும் இழையின் இணைப்பே இளகிவிடக்கூடும் என்பதால், கால் உள்ளதாகவே தேடி வாங்கியிருந்தேன். இவ்வளவு கவனமாக இருந்தவன், அடுத்த நொடியில் செய்தது முட்டாள்தனம். முதல் ஃபியூஸ் ஏன் போனது என்று பார்க்காமலேயே ப்ளக்கைச் செருகி சுவிட்சைப் போட்டேன். 'டப்' என்று ஒரு சத்தம்; அவ்வளவுதான்.

அப்போதுதான் பழைய ஃபியூஸின் கறுப்பு உறையைப் பிளேடால் கீறிப் பார்க்கத் தோன்றியது. கண்ணாடியின் உட்புறம் முழுவதும் கரியும் வெள்ளிப் பூச்சு போன்ற பளபளப்பும் படிந்திருந்தன. கண்ணாடி தெளிவாக இருந்து இழை மட்டும் நடுவில் அறுந்திருந்தால், சிறிய மிகைச் சுமையோ வயதோ காரணமாக இருக்கலாம். இழை ஆவியாகி உட்சுவரில் அப்பியிருந்தால், பின்னால் ஷார்ட் இருக்கிறது என்று பொருள். முதலிலேயே உறையைக் கீறியிருந்தால் ஒரு ஃபியூஸ் மிஞ்சியிருக்கும்.

ஷார்ட்டைத் தேடி, மாறுமின்சாரத்தை நேர்மின்சாரமாக்கும் நான்கு டயோடுகள் அடங்கிய பிரிட்ஜ் ரெக்டிஃபையருக்குப் போனேன். மாறுமின்சாரம் நுழையும் அதன் இரண்டு கால்களுக்கும் இடையே மீட்டர் விடாமல் பீப் அடித்தது. குற்றவாளி அகப்பட்டுவிட்டான் என்று நினைத்து, சூட்டை வெளியேற்றும் ஹீட்சிங்க்கோடு இறுகியிருந்த அந்த நாலுகால் பொருளை அரை மணி நேரம் போராடிப் பிடுங்கினேன். வெளியே எடுத்து டயோடு சோதனையில் வைத்தால், நான்கு டயோடுகளும் ஒரு திசையில் 0.5 வோல்ட் அளவு காட்டின, எதிர்த்திசையில் அடைத்துக்கொண்டன. அதில் எந்தக் குறையும் இல்லை. போர்டில் அதே இரு புள்ளிகளில் பீப் தொடர்ந்தது.

பீப்பை நம்பி எண்ணைப் பார்க்காமல் விட்டதே என் தவறு. ஓம் அளவுக்கு மாற்றிப் பார்த்தபோது ஐந்தாறு ஓம் காட்டியது. பிரிட்ஜே ஷார்ட் ஆகியிருந்தால் பூஜ்யத்தை ஒட்டி நின்றிருக்கும். இந்த ஐந்தாறு ஓம், வழியிலுள்ள, மின் இரைச்சலை வடிகட்டும் ஃபில்டர் சுருளையும் தொடக்க மின்னோட்டத்தை மட்டுப்படுத்தும் தெர்மிஸ்டரையும் கடந்து வரும் எண். ஆக, ஷார்ட் இருப்பது அவற்றுக்கு முன்னால், ஃபியூஸை ஒட்டிய பகுதியில். மீட்டரின் முனைகளை ஃபியூஸின் பக்கமாக நகர்த்த நகர்த்த எண் குறைந்துகொண்டே வந்து, நீல நிற வட்டத் தகடு ஒன்றின் கால்களில் ஏறத்தாழ பூஜ்யமானது.

அது வேரிஸ்டர். மின்னழுத்தம் திடீரென எகிறும்போது தானே மின்னோட்டத்தைக் கடத்தி, ஃபியூஸை உருகவைத்து, பின்னாலுள்ளவற்றைக் காப்பாற்றுவது அதன் வேலை. முன்பக்கம் பார்க்கப் புதிது போலவே இருந்தது. ஒரு காலை விடுவித்துத் திருப்பியபோதுதான் பின்பக்கத்தில் மயிரிழை போன்ற பிளவும், அதன் ஓரத்தில் பழுப்புக் கறையும் தெரிந்தன. கால் விடுபட்டதும் போர்டில் பீப் நின்றுவிட்டது. அதன் மேல் '14டி471கே' என்று இருந்தது: 14 மில்லிமீட்டர் வட்டம், 470 வோல்ட். 471 என்பதை அப்படியே வோல்ட்டாகப் படித்துவிடக் கூடாது. 47-க்குப் பின் ஒரு பூஜ்யம் என்றுதான் அதைப் படிக்க வேண்டும். வேரிஸ்டர் இல்லாமலும் தொலைக்காட்சி ஓடும் என்பதால் சிலர் அதை வெட்டியெறிந்துவிட்டு மூடிவிடுகிறார்கள். அடுத்த மின்னலில் போகப்போவது என்ன என்பதை நினைத்து, நான் அதே எண்ணில் புதியதை வைத்தேன்.

பிரிட்ஜைத் திரும்பப் பொருத்தி, மூன்றாவது ஃபியூஸையும் வைத்த பிறகு, இம்முறை நேராகச் செருகவில்லை. 100 வாட் இழை பல்பு ஒன்றைத் தொடராக இணைத்து அதன் வழியாகவே மின்சாரம் கொடுத்தேன். எல்இடி பல்பு இதற்கு உதவாது. உள்ளே ஷார்ட் இருந்தாலும் இழை பல்பு அரை ஆம்பியருக்கு மேல் விடாது என்பதால் ஃபியூஸ் பிழைக்கும். பல்பு மட்டும் முழு ஒளியோடு எரிந்து செய்தியைச் சொல்லிவிடும். என் பல்பு ஒரு கணம் பளிச்சிட்டு, மங்கி, அணைந்தே போனது. சிவப்பு விளக்கு எரிந்தது. பல்பு தொடரில் இருக்கும்போது தொலைக்காட்சியை முழுமையாக ஓட்ட முயல்வதில் பயனில்லை; ஸ்டாண்ட்பை வரை பார்த்தால் போதும். ப்ளக்கைப் பிடுங்கி கெபாசிட்டரை அளந்தேன். 280 வோல்ட்டிலிருந்து மெதுவாக இறங்கிக்கொண்டிருந்தது. ரெசிஸ்டரை வைத்து இறக்கிவிட்டுப் பல்பை நீக்கி, போர்டைத் தொடாமல் நேரடியாக மின்சாரம் கொடுத்தேன். படம் வந்தது.

மூடுவதற்கு முன் ஒரு சிறு மாற்றம் மட்டும் செய்தேன். ஃபியூஸின் மேல் பழையபடி கறுப்பு உறையைப் போடாமல், உள்ளே தெரியும்படியான சுருங்குறையைப் போட்டிருக்கிறேன்.